நூற்று நாற்பதும் நூற்று அறுபதும்

"ஏலே, மீட்டரை ஒரு தட்டு தட்டிப் பாரு," என்றார் அப்பா.

அண்ணன் தட்டினான். முள் துள்ளி ஆடிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. நூற்று அறுபது.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. முன்னறை கடை, பின்னால் குடித்தனம். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுப்பது அப்பாவின் தொழில். காயில் கட்டுவது என்பார்கள். சூசை மேஸ்திரி என்றால் ஒட்டன்சத்திரம் தாண்டியும் தெரியும். அன்றைக்குப் பெஞ்சின் மேல் வயிறு திறந்து கிடந்தது தொப்பம்பட்டிக்காரர் ஒருவருடைய பம்புசெட் மோட்டார். பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தவர், வேலை முடியாமல் நகரமாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

புதிதாகச் சுற்றிய காயிலை அப்பா நேராகக் கரண்டில் மாட்டமாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்து, பல்பு வழியாகத்தான் காயிலுக்குக் கரண்ட் விடுவார். காயிலுக்குள் எங்காவது கம்பியோடு கம்பி ஒட்டியிருந்தால் பல்பு பளீரென்று எரியும். காயில் சுத்தமாக இருந்தால் மங்கலாக எரியும். இதற்கு மீட்டரே தேவையில்லை. ஆனால் மதுரையில் பாலிடெக்னிக் படிக்கிற மகன் லீவுக்கு வந்திருக்கிறானே, நாலு பேர் முன்னால் அவனை ஒரு வேலை வாங்கிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை.

அண்ணன் அளந்தான். பல்பின் மேல் நூற்று நாற்பது வோல்ட். காயிலின் மேல் நூற்று அறுபது. இரண்டையும் கூட்டினால் முந்நூறு. சுவரில் வருகிற கரண்டோ இருநூற்று முப்பது.

"ஏனுங்க மேஸ்திரி, மிச்சம் எழுவது வோல்ட்டு எங்க மோட்டாரே சொந்தமா உண்டாக்குதுங்களா? அப்படீன்னா லைன்காரங்ககிட்ட நான் எதுக்குங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கோணும்?" என்றார் தொப்பம்பட்டிக்காரர்.

அப்பா சிரித்துவிட்டார். அண்ணன் முகம் சிவந்துபோய், "மீட்டர் கோளாறுப்பா," என்றான்.

நான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த வாசற்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மீட்டர் கோளாறில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிற பல்பின் மேல் அண்ணன் வைத்துப் பார்த்தபோது அதே மீட்டர் சரியாக இருநூற்று முப்பது காட்டியதை நானும்தான் பார்த்திருந்தேன்.

செத்தவரை விட்டுவிடச் சொல்கிறார்கள்

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் என் அண்ணன் சேவியரைப் பற்றி நாலு வரி எழுதினதற்கு வந்திருக்கிற கண்டனங்களைப் பார்த்தால், எனக்கே அந்த மனுஷன் மேல் மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது. "இறந்துபோனவர்களைப் பற்றி இப்படியா எழுதுவது, மன்னித்துவிடக்கூடாதா அம்மா?" என்று ஒருவர் உருகியிருக்கிறார்.

மன்னிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு கேட்டு யாரும் என் வாசலுக்கு வந்ததாக நினைவில்லை. கேட்காததை எடுத்துக் கொடுக்க நான் என்ன தண்ணீர்ப் பந்தலா வைத்திருக்கிறேன்?

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் சமவெளிக் கிராமங்களில் கமலையில் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுவிட்டு ஆளாளுக்குக் கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்த காலம். கோடை வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைப்பார்கள். லைனில் கரண்ட் இளைத்துப்போகும், மோட்டார் முக்கி முனகிச் சூடேறிப் புகைந்துவிடும். ஊருக்கெல்லாம் வறட்சி என்றால் எங்கள் வீட்டில் வெஞ்சனத்தோடு சாப்பாடு. சிறுமலை வாழைப்பழம்கூட முழுத் தாராக வந்து இறங்கும். வீடு முழுக்க வார்னிஷ் வாடை அடிக்கும். என் தலைமுடியில், பாயில், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கட்டுகிற சேலையில்கூட அந்த வாடைதான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கணக்கு எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் போதாது. கணக்குப் போடாத நாளில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அண்ணன் எல்.இ.இ. படித்தான். மின்சாரப் படிப்புக்கு அப்போது அதுதான் பெயர். அதில் ஏ.சி. சர்க்யூட் பேப்பரில் இரண்டு தடவை விழுந்திருந்தான். இந்தச் சேதி தெரு முழுக்கத் தெரியும். வீட்டில் மட்டும் யாரும் பேசக்கூடாது.

விளக்குமாற்றுக் குச்சி

தொப்பம்பட்டிக்காரர் டீ குடிக்கப் போனதும் அண்ணன் புத்தகத்தைப் பெஞ்சின் மேல் வீசிவிட்டு வெளியே போனான். நான் வெங்காயக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறிகள். ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிற்கும், இரண்டுக்கும் குறுக்கே ஒன்று சாய்ந்து போகும். இப்போது படிக்கிற பிள்ளைகள் பேஸர் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது வெக்டர். இங்கிலீஷ் பாதி புரிந்தது, படம் முழுக்கப் புரிந்தது.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவினேன். பத்து வோல்ட்டுக்கு அரை அங்குலம் என்று அப்பாவின் அளவுகோலை வைத்து மூன்று குச்சி ஒடித்தேன். பல்புக் குச்சி, காயில் குச்சி, சுவர்க் கரண்டுக்கு ஒரு நீளக் குச்சி. பல்புக் குச்சியைத் தரையில் படுக்கவைத்து, அதன் நுனியில் காயில் குச்சியை நேராக மேல்நோக்கி வைத்தேன். குறுக்கே நீளக் குச்சியை வைத்தால் அது கொஞ்சம் நீண்டுவிட்டது. காயில் குச்சியை, பல்புக் குச்சி நீள்கிற பக்கமாகவே லேசாகச் சாய்த்தேன். மூன்றும் கச்சிதமாகக் கூடிக்கொண்டன.

"அப்பா, இந்தக் குச்சி நேரா நிக்கணும். ஏன் சாஞ்சாத்தான் பொருந்துது?"

அப்பா கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு வந்து குந்தி உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். சாய்ந்த குச்சியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இம்புட்டு நீளத்துக்குக் கம்பி சுத்தியிருக்கேனே ஆத்தா, அது வெறும் காயிலா மட்டும் இருக்குமா? கம்பிக்கின்னு ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கும்ல. அந்த மட்டுக்கும் அது பல்பு மாதிரிதேன். அதான் பல்பு பக்கம் சாயுது." பிறகு என் தலையில் கைவைத்து, "அடி கழுத, நீ எங்க இதப் படிச்ச?" என்றார்.

அந்தக் கையின் கனம் இன்னும் நினைவிருக்கிறது. அப்பா பார்த்தார் என்பதை வாசகர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறக்கவில்லை.

நாலு பெட்டி ராட்டினம்

திரும்பி வந்த அண்ணனுக்குக் குச்சிகளைக் காட்டினது போதவில்லை. "முந்நூறு எங்க போச்சு, அதச் சொல்லு மொதல்ல" என்று நின்றான். இருநூற்று முப்பது வோல்ட்டை வாங்கிய கம்பி முந்நூறு எப்படிக் காட்டும் என்பது அவனுக்குத் திருட்டுக் கணக்காகவே பட்டது.

"அண்ணே, திருவிழாவுல நாலு பெட்டி ராட்டினம் ஏறுவோம்ல?"

"அதுக்கென்ன இப்ப?"

"நீ பல்புப் பெட்டியில உக்காந்துக்க. நான் காயில் பெட்டி. ஒனக்கு முன்னாடி பெட்டி. நான் உச்சிக்குப் போறப்ப நீ எங்க இருப்ப?"

"நடுவாந்தரத்துல."

"நீ உச்சிக்கு வாரப்ப?"

"நீ தாண்டிப் போயி நடுவாந்தரத்துக்கு எறங்கிருப்ப."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உச்சியில இருக்கவே மாட்டோம்ல? பெறகு எதுக்கு ரெண்டு உயரத்தையும் சேத்துக் கூட்டுற?"

வீட்டுக்கு வருகிற கரண்ட் ஏறி இறங்கிப் போய்வருகிற கரண்ட். மீட்டர் அவரவர் உயரத்தைச் சொல்லுமே தவிர, யார் எப்போது உச்சிக்கு வருகிறார் என்று சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் அம்புக்குறி. நீளம் உயரத்தைச் சொல்லும், சாய்வு நேரத்தைச் சொல்லும். சாய்வை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் கூட்டியதுதான் அண்ணன் இரண்டு தடவையும் செய்த தப்பு.

அண்ணன் சத்தமாகச் சிரித்தான். "அட எழவே, இம்புட்டுத்தானா!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தான். எனக்கு வலிக்கவேயில்லை. என் அண்ணனோடு நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கண்டனக்காரர்கள் பொறுக்கமாட்டார்கள்.

அப்பா கொடுத்த வாக்கு

எங்கள் பள்ளிக்கூடத் தலைமை மதர் ஒரு நாள் கோவில் வாசலில் என்னைப் பார்த்து, மதுரையில் பெண்பிள்ளைகளையும் பாலிடெக்னிக் படிப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள், உன் மார்க்குக்கு இடம் கிடைக்கும் என்று சொன்னார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க, அப்பாவிடம் கேட்டேன்.

அம்மா உள்ளேயிருந்து, "ஆமா, இவ போயி போஸ்ட் மரம் ஏறப் போறா" என்றாள்.

அப்பா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை, இன்றைக்கும். சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் சொன்னார்: "மொதல்ல ஒங்கண்ணன் கரையேறட்டும் ஆத்தா. இந்தத் தடவ அவனத் தேத்தி விட்டுரு. வார வருசம் ஒன்னைய மதுரைக்கு அனுப்புறேன். மாதா சத்தியமா."

மாதா பெயரில் லேசில் சத்தியம் செய்கிறவர் இல்லை அப்பா. எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

அண்ணன் சனிக்கிழமை ரயிலில் அழுக்குத் துணி மூட்டையோடு வருவான். மூட்டை அம்மாவுக்கு, புத்தகம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து சாயங்கால ரயில்வரை கடைத் தரையில் உட்கார்ந்து குச்சி வைப்போம். கடைக்கு அன்று லீவு. அப்பா கம்பியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார்.

மோட்டார் இழுக்கிற கரண்டில் ஒரு பங்கு தண்ணீர் இறைக்கும். இன்னொரு பங்கு வெறுமனே போய்ப் போய் வந்து கம்பியைச் சூடாக்கும். அந்த வெட்டிப் பங்குக்கு ஒரு குச்சி. மோட்டாரோடு சேர்த்து மாட்டுகிற கண்டென்சர் என்ற சின்ன டப்பாவின் குச்சியை அதற்கு நேர் எதிராக வைத்தால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும், லைனில் கரண்ட் குறையும். இதை நான் சொன்னபோது அப்பா சுருட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்ப கோடையில கெராமத்துக்காரங்களுக்கு ஆளுக்கு ஒன்னு மாட்டிவிட்டா இம்புட்டு மோட்டார் எரியாதே!" என்றார்.

"ஒங்க தொழிலு என்னப்பா ஆகும்?" என்றான் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு கூட்டத்தில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது, படித்த பெண் ஒருத்தி எழுந்து, "நீங்கள் அந்தக் கண்டென்சர் மாதிரி அம்மா, கண்ணுக்குத் தெரியாமல் குடும்பத்தையே தாங்கியிருக்கிறீர்கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் யாரையும் தாங்குவதற்காகக் குச்சி வைக்கவில்லை. எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. மதுரையில், ஒரு பெஞ்சில், ஓர் இடம்.

படித்தவன் சொன்னது

அண்ணன் தேறினான். விழுந்துகொண்டிருந்த அதே பேப்பரில்தான் இருப்பதிலேயே அதிக மார்க். கொஞ்ச மாதத்தில் மின்சார இலாகாவில் சூப்பர்வைசர் வேலையும் கிடைத்துப் பழனிப் பக்கம் போனான். வெள்ளை முழுக்கால் சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பத்துப் பேர் அவனுக்குக் கும்பிடு போட்டார்கள்.

பாலிடெக்னிக்கில் ஆள் சேர்க்கிற ஆனி மாதம் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு. அப்பாவும் அண்ணனும் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கறிக்குழம்பு. அப்பா பேச்சை எடுத்தார்.

"ஏலே சேவியரு, புஷ்பத்த மதுரையில சேக்கணும். வாக்குக் குடுத்திருக்கேன். நீ உள்ள போயிப் பாத்தவன். என்ன ஏதுன்னு வெவரம் சொல்லு."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஒத்து வராதுப்பா," என்றான்.

"ஏம்லே? புள்ளைக்குக் கணக்கு நல்லா வருதே."

"கணக்கு வந்தாப் போதுமா? அது வேற ஒலகம். அம்புட்டும் ஆம்பளப் பயலுக. ஒர்க்ஷாப்புல இரும்பு ராவணும், துருத்தி ஊதணும். இவளுக்குத் தெரிஞ்சது வெளக்கமாத்துக் குச்சி. அத வச்சு அங்க என்ன பண்றது?"

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "அந்தக் குச்சியிலதான அண்ணே நீ பாஸ் பண்ண?" என்றேன்.

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை. அதிகாரியின் சிரிப்பு ஒன்று சிரித்தான். "பாருங்கப்பா, குச்சி ஒடிச்சுக் குடுத்தவ பாடமே நடத்தின மாதிரிப் பேசுறா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவர். கம்பியின் சாய்வைச் சொல்லிக் கொடுத்தவர். ஒவ்வொரு ஞாயிறும் கூடவே இருந்து, யார் சொன்னார்கள், யார் கேட்டுக்கொண்டார்கள் என்று காதால் கேட்டவர். ஒரு வார்த்தை போதும். "இல்லலே, அவதான் சொல்லிக் குடுத்தா" என்று ஒரே ஒரு வார்த்தை.

அப்பா சோற்றைப் பிசைந்தார். "சரி ஆத்தா. படிச்சவன் சொல்றான். நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

படித்தவன்! அவனைப் படித்தவனாக்கி அந்தப் பலகையில் உட்காரவைத்ததே நான்தான். அவன் தேறாமல் இருந்திருந்தால் அப்பா அவனைக் கேட்டிருக்கவே மாட்டார். நான் சொல்லிக் கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், எனக்குக் குறுக்கே நிற்கப்போகிற ஆளை நானே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். நான் அங்கே போய் நன்றாகப் படித்தால், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவன் ரிடையர் ஆன சமயத்தில், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, கேட்டேவிட்டேன். "அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே புள்ள," என்றான். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே மறந்திருந்தான். அவனுக்கு அது மறந்துபோகக்கூடிய அளவுக்குச் சின்ன விஷயம்.

மூன்றாவது ஓலை

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் பேச்சு வளரும் என்று அம்மா சொன்னாள். ஒரு பள்ளிக்கூடக் கிளார்க் மாப்பிள்ளையாக வந்தார். அண்ணன்தான் விசாரித்து, நல்ல இடம் என்று சொன்னான். அவன் சொன்னால் அப்போது எங்கள் வீட்டில் மறு பேச்சு கிடையாது.

எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது என்று பூசைக்கு நடுவே பங்குச் சாமியார் சபைக்கு அறிவிப்பார். இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்று முடிப்பார். விக்கினம் என்றால் முறை தவறின உறவு, ஏற்கெனவே கட்டின தாலி, இந்த மாதிரி. முதல் இரண்டு ஞாயிறும் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு. பெண்கள் பக்கம் நாங்கள், ஆண்கள் பக்கம் அப்பாவும் அண்ணனும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரச் சேலை வாடையும் சாம்பிராணியும். சாமியார் ஓலையை எடுத்தார். சூசை மகள் மரியபுஷ்பம் என்று என் பெயர் கோவில் முழுக்கக் கேட்டது.

"விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கவும்," என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழவில்லை. முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது. எனக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேனோ, என் அப்பா மாதா பெயரில் சத்தியம் செய்தார் என்று சொல்லியிருப்பேனோ. சாமியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஆண்கள் பக்கமிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள். அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. அப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று, கெஞ்சுகிற மாதிரி.

"ஒக்காருடி" என்று அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

உட்கார்ந்தேன்.

"கால் மரத்துப்போச்சாம் சாமி" என்று அம்மா சத்தமாகச் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சாமியார் தலையாட்டிவிட்டு அடுத்த ஓலையைக் கையில் எடுத்தார்.